வெனிஸில் இறங்க வேண்டும்

ரங்கூன் ஆற்றங்கரையில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம். நேற்றுதான் மோல்மேனிலிருந்து வந்தோம். லண்டன் போகிற வழியில், இலையுதிர் காலத்தில், இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் நாலு நாள் தங்க வேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான். குமாஸ்தா கோ தின் காதில் அது ஏறவே மாட்டேன் என்கிறது.

"லண்டன் போறவங்க நடுவுல இறங்க மாட்டாங்க அண்ணே," என்கிறார் மறுபடியும். அவருடைய அம்மா தமிழ் என்பதால் பேச்சு சரளமாக வருகிறது. "குளிர் வந்துடும். நேராப் போயிடுங்க."

"நாங்க இறங்கணும்."

"அங்க என்ன இருக்கு? தெருவெல்லாம் தண்ணி. தண்ணி நடுவுல கோயில் பாக்கணும்னா இங்க பக்கத்துல கியாக்தானுக்குப் போங்க. சாயங்காலமே திரும்பிடலாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. நான் மேஜையைத் தட்டுவதற்குள் என் மனைவி விசாலம் பேசுகிறாள்.

"தம்பி, லண்டன்ல எனக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் பார்வை இருக்குமான்னு டாக்டருக்கே தெரியல. அதுக்கு முன்னாடி அந்த ஊரைப் பாத்துடணும்."

இத்தனை நேரம் நான் சொல்ல முடியாமல் சுற்றிச் சுற்றி வந்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

கோ தின் பேனாவைக் கீழே வைக்கிறார். நேராக லண்டனுக்கு என்று எங்களுக்காக எழுதி வைத்த சீட்டைக் கிழித்துப் போடுகிறார்.

"அங்க மழை தொடங்குறதுக்கு முன்னாடியே வெனிஸ் போய்ச் சேர்ற கப்பல் ஒண்ணு இருக்கு அக்கா. அப்போ வெளிச்சம் நல்லா இருக்கும்."

காலையிலிருந்து அந்தக் கப்பல் எங்கே போயிருந்தது என்று கேட்க வாயெடுக்கிறேன். விசாலம் என் கையை அழுத்துகிறாள்.