வெர்டெல் வாசித்த மழை

வெர்டெல் டாலிவர் எங்கள் வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் பஸ் ஓட்டுகிறவர். சிவப்பு விளக்கில் நின்றால் போதும், ஸ்டியரிங்கின் மேல் விரல்கள் சாக்சஃபோன் வாசிக்கத் தொடங்கிவிடும். பச்சை விழுந்தது தெரியாது. பின்னாலிருந்து வசவு வரும். திட்டு வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற வேறு மனுஷரை நான் பார்த்ததில்லை.

அவருடைய சாமி லெமுவல் ஹேஸ்கின்ஸ். எங்கள் தெருவில் பிறந்து, உலகமே முணுமுணுக்கும் மெட்டுகளைப் போட்டுவிட்டுப் போனவர். அந்த மெட்டுகளை மட்டும் வைத்து ஐந்து பேராக ஓர் இசைத்தட்டு போட வேண்டும் என்பது வெர்டெலின் வாழ்நாள் ஆசை. டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்க என்னைப் பிடித்தார். ஹேஸ்கின்ஸின் மகள் ஒசெல்லா கேட்டுச் சரி என்றால்தான் வெளியிடுவேன், இல்லாவிட்டால் குப்பையில் போடுவேன் என்றும் சொல்லிவிட்டார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒசெல்லா பெண்களுக்கு முடி அலங்காரக் கடை நடத்துகிறவர். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வறுத்த மீன் பொட்டலத்தோடு வந்தார். 'மழைக்கு முன்னே' என்ற மெட்டை வாசித்துக் காட்டினோம். ஹேஸ்கின்ஸின் பழைய ரெக்கார்டில் இருப்பது போலவே மெல்ல, கண்ணை மூடி, உருகி உருகி வாசித்தோம். இந்த ஊரில் எல்லாருமே அதை அப்படித்தான் வாசிப்போம். சாவு வீட்டிலும் அதுதான்.

ஒசெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெர்டெலின் முகம் தொங்கிப்போனது.

"என்னக்கா, பிடிக்கலையா?"

"யோவ், மழை வருதுன்னு நாங்க கொடியில கிடந்த துணியை அள்ளிக்கிட்டு ஓடுறதைப் பாத்து எங்கப்பா போட்ட மெட்டுய்யா இது! ரெக்கார்டு பண்ணின அன்னிக்கு டிரம்ஸ்காரருக்குக் குச்சியைப் பிடிக்க முடியாத போதை. அதுக்கு மேல வேகம் வரல."

"அய்யய்யோ, எத்தனை சாவுல இப்படி வாசிச்சிருக்கேன்!"

"போனவங்களுக்கு என்ன அவசரம்? நீ இப்ப ஓடு."

ஓடினோம். முதலில் ஆளுக்கொரு பக்கம் தடுக்கி விழுந்தோம். என் விரல் தோல் உரிந்தது. அந்தக் குடிகார டிரம்ஸ்காரரை மனதாரத் திட்டினேன். ஒசெல்லா எழுந்து கைதட்டத் தொடங்கினார். அவ்வளவுதான், வெர்டெலின் சாக்சஃபோன் பிய்த்துக்கொண்டு ஓடியது, நாங்கள் நால்வரும் அதன் பின்னால்.

முடிந்ததும் ஒலிப்பதிவாளர் எட்டிப் பார்த்து, "கைதட்டல், சிரிப்பு எல்லாம் சேர்ந்து பதிவாயிடுச்சு. இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்றார்.

வெர்டெல் ஒசெல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒசெல்லா மூச்சு வாங்க நின்றார், கண் கலங்கியிருந்தது.

"துணி நனையுது, சீக்கிரம் வாங்கடின்னு எங்கம்மா கத்துறதுகூடக் கேட்டுச்சுய்யா," என்றார். "இதையே வெளிய விடு."