பாஸ்போர்ட்டில் இருந்த மீசை

சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரத்துக்கு வெள்ளைக்காரர்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. கடற்கரைக்குப் போகிற சந்தில் நான் வைத்திருந்த தையல் கடை அவர்களை நம்பித்தான் ஓடியது. தொளதொளவென்று பருத்தி பேண்ட், கயிறு வைத்துக் கட்டுகிற சட்டை, தோள்பை. காலையில் அளவு கொடுத்தால் சாயங்காலம் வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நம் ஊரில் ஒருவரும் அதைச் சீந்த மாட்டார்கள். மெஷின்கள் சும்மா நின்றன. என்னிடம் வேலை செய்த இரண்டு பேரும், கூடுவாஞ்சேரிப் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம் என்று என் காதுபடவே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

ஜெர்மனியில் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் வருஷா வருஷம் டிசம்பரில் வந்து என்னிடம் மொத்தமாகத் தைத்து எடுத்துப் போவார். என் கடையின் பாதி வருமானம் அவர்தான். அந்த வருஷம் அவர் வரவில்லை, போன்தான் வந்தது. கடலை நினைத்து வீட்டில் பயப்படுகிறார்கள், விட மாட்டேன் என்கிறார்கள். நீங்கள் சாம்பிள்களை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள், வியாபாரச் சந்தை ஒன்று நடக்கிறது, வேறு கடைக்காரர்களையும் காட்டுகிறேன் என்றார். அவர் சொன்னதைக் கடை ஆங்கிலத்தை வைத்துப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதோடு சுபாவமே அப்படி. செங்கல்பட்டில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைக்க மாட்டேன், இறங்குகிறவரை விரல் நடுவில் இருக்கும். இப்படிப்பட்டவன் விமானம் ஏறி இன்னொரு தேசத்துக்குப் போவதாவது? ஆனால் போகாவிட்டால் கடையை மூட வேண்டும். எனக்குத் தெரிந்த வேறு தொழில் கிடையாது.

முதலில் பாஸ்போர்ட். விண்ணப்பம் கொடுத்த பிறகு போலீஸ் விசாரணைக்கு வந்த அன்று நான் மாமல்லபுரத்தில் இருந்தேன், என் மனைவி ரேஷன் கடையில் நின்றிருந்தாள். வந்தவர் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவ்வளவுதான், 'இந்த முகவரியில் ஆள் இல்லை' என்று எழுதியிருப்பார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் சாதாரணமாக நாலு கேள்வி கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு சுலபமாக விடுவார்களா?

பாஸ்போர்ட் வருகிற வழியாகத் தெரியவில்லை. துணி எடுக்கப் போன ஒரு நாள் திருப்போரூரில் பஸ் நின்றபோது கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, முருகா, பாஸ்போர்ட் வந்தால் உன் சந்நிதியில் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த வாரமே தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். பத்தாவது படிக்காதவன் என்பதால், வெளிநாடு போகத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று அதில் ஒரு முத்திரை குத்தியிருந்தது. அதற்கு வேறோர் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும், அதைத் தான் பார்த்துக்கொள்வதாக, எனக்கு விண்ணப்பமெல்லாம் எழுதித் தந்த டிராவல்ஸ்காரர் சொன்னார். நான் முத்திரையைவிட போட்டோவைத்தான் அதிக நேரம் பார்த்தேன். தலை நிறைய முடி, வாயை மூடுகிற மாதிரி மீசை. திருட்டு முழி. ஆனாலும் நான்தான்.

மொட்டை இப்போது வேண்டாம், விசா வரட்டும் என்று என் மனைவி சொன்னாள். எனக்கு மனம் கேட்கவில்லை. வேண்டியதைக் கொடுத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் அடுத்ததை எப்படிக் கேட்பது? விசாவுக்குக் கூப்பிட ஒரு மாதமாவது ஆகும், அதற்குள் முடி வளர்ந்துவிடும் என்று அவளுக்குக் கணக்குச் சொன்னேன். திருப்போரூருக்குப் போய் முடியும் மீசையும் எடுத்து, குளத்தில் முழுகி, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தேன். அன்றிரவு பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்து டிராவல்ஸிலிருந்து போன் வந்தது. சந்தைக்கு நாள் நெருங்குகிறது என்று அந்த அம்மாள் அழுத்தி எழுதியிருந்தாராம். சென்னையில் விசா கொடுக்கிற ஜெர்மன் அலுவலகத்தில் வருகிற வியாழக்கிழமையே பாஸ்போர்ட்டோடு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் போனை வைத்துவிட்டுக் கடைக் கண்ணாடியைப் பார்த்தேன். அளவு பார்க்க வருகிறவர்களுக்காக வைத்த ஆளுயரக் கண்ணாடி. அதில் யாரோ ஒரு பண்டாரம் நின்றுகொண்டிருந்தான்.

சந்தனம் உதிர்ந்த பிறகு இன்னொரு தொல்லை. மீசையும் இல்லாமல் தலையும் மழித்திருந்தால் நம் ஊரில் வீட்டில் சாவு என்றுதான் அர்த்தம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் தெரிந்த முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தின. அம்மாவா, எப்போது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார்கள். அம்மா நன்றாக இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. சொல்லும்போதெல்லாம், இப்படிக் கேட்கிறார்களே, அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அது வேறு பயம்.

பக்கத்தில் சங்கு, சிப்பிச் சாமான் விற்கிற கடைக்காரர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அண்ணாத்த, ஒரு டோப்பா வச்சிக்க. நாடகக்காரன் ஒர்த்தன் எனக்குத் தெரியும். மீசையும் அவன்கிட்டயே கீது."

வேண்டாம் என்றேன். கேட்காமல் மறுநாள் வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். ராஜபார்ட் டோப்பா, காதுக்குக் கீழே சுருள் தொங்கியது. வைத்துப் பார்த்தேன். வேலை செய்கிற இரண்டு பேரும் மெஷின் மேல் கவிழ்ந்து சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க அந்தக் கடையில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். சிப்பிக் கடைக்காரர் மட்டும் சிரிக்காமல், "ஜெர்மன்காரனுக்கு இன்னா தெரியப்போவுது" என்று சொல்லிக்கொண்டே டோப்பாவைப் பைக்குள் வைத்தார்.

என் கவலை அதைவிடப் பெரியது. விசா விண்ணப்பத்திலும் பழைய போட்டோவைத்தான் ஒட்டியிருந்தேன், பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததில் மிச்சம். இரண்டிலும் மீசைக்காரன் இருக்கிறான், நேரில் மொட்டை போய் நிற்கும். ஆள் மாறாட்டம் என்றால் விசா மட்டுமா போகும்? பிடித்து உள்ளே வைத்துவிட்டால்? வீட்டுவரி ரசீது, ரேஷன் கார்டு, கல்யாணப் போட்டோ, கடை வாடகைப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்தேன். கோயிலில் மொட்டைக்கு வாங்கிய சீட்டையும் மேலாகவே வைத்தேன்.

வியாழக்கிழமை விடியும் முன்னே மின்சார ரயிலில் ஏறினேன். சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனி வேலைக்காரர்கள் இறங்கினார்கள். அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையில் எல்லாம் போட்டோ இருந்தது. ஒவ்வொரு போட்டோவையும் அதற்கு மேலே இருந்த முகத்தையும் பார்த்தேன். ஒருவருக்கும் குறையில்லை, எல்லாருக்கும் பொருந்தியிருந்தது.

அலுவலகத்தில் ஏசி குளிர் நேராக உச்சந்தலையில் இறங்கியது. கூப்பிட்டதும் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஜெர்மன்காரர், அவர் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மாள். ஜெர்மன்காரர் பாஸ்போர்ட்டைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். இதைத்தான் ஒரு வாரமாக நான் கண்ணை மூடினாலும் திறந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது நீங்கதானா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"நான்தாங்க மேடம். மொட்ட போட்டுக்கினேன்."

அவர் குரலும் தாழ்ந்தது. வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று விசாரித்தார். இல்லை, வேண்டுதல் என்றேன். எதற்கு வேண்டுதல் என்று ஜெர்மன்காரர் கேட்கச் சொன்னார். பாஸ்போர்ட் வருவதற்கு என்றேன். அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு அதை ஜெர்மனில் சொன்னார். அவர் முகம் மாறாமல் ஏதோ கேட்டார்.

"அப்ப விசாவுக்கு என்ன வேண்டிக்கிட்டீங்கன்னு சார் கேக்கறார்."

"ஒண்ணும் வேண்டிக்கலிங்க. குடுக்கறதுக்கு இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்ல."

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்த்து, எதுவும் தோன்றாமல் விட்டிருந்தேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு வேர்த்தது. இங்கே சிரிப்பது நல்லதா கெட்டதா என்று யாரிடம் கேட்பது?

பிறகு முறையான கேள்விகள். என்ன தைக்கிறீர்கள் என்றார்கள். பையிலிருந்து ஒரு பேண்ட்டை எடுத்துக் காட்டினேன். போனால் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்றார்கள். இதற்காகத்தான் அவ்வளவு காகிதமும் கொண்டுபோயிருந்தேன். ஆனால் கை பையைத் திறக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

"திரும்பி வராம எங்கிங்க போவேன். பத்து நாள் அங்க எப்டி இருக்கப்போறேன்னே பயமா கீது."

அதை அந்த அம்மாள் எப்படி மொழிபெயர்த்தார் என்று தெரியாது. ஜெர்மன்காரர் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த போட்டோவைத் தட்டிக் காட்டி, இது வேண்டாம், இப்போது இருக்கிற மாதிரி ஒன்று எடுத்துவந்து மதியத்துக்குள் கொடுங்கள் என்றார். ஸ்டுடியோவைத் தேடி ஓடினேன். ஸ்டுடியோக்காரர் வழக்கத்தை விடாமல் சீப்பை நீட்டினார். பிறகு தலையைப் பார்த்து அதை மெதுவாகப் பின்வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. உள்ளே விசா ஒட்டியிருந்தது. விசாவில் மொட்டைத் தலை. என் மனைவி முதல் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு புருசன் கணக்கா கீறியே மாமா."

ஆனால் விமானம் ஏறுகிற நாளுக்குள் தலையில் கால் அங்குலம் முளைத்துவிட்டது. மேலுதட்டில் அழுக்கு ஒட்டியது போல மீசை. முதல் பக்கத்துக்காரனும் இல்லை, விசாக்காரனும் இல்லை, மூன்றாவதாக ஒருவன். மறுபடி மழித்துவிடலாமா, இப்படியே போகலாமா என்று யோசித்து யோசித்து, போகிற நாளும் வந்துவிட்டது. என் மனைவி குளிருக்கென்று மங்கி குல்லாவை மாட்டிவிட்டாள். அதனால் மீனம்பாக்கத்தில் ஒரு தடவையும் ஜெர்மனியில் ஒரு தடவையும் கவுண்டரில் குல்லாவைக் கழற்றச் சொன்னார்கள். ஜெர்மனியில் இருந்தவர் இரண்டு பக்கத்தையும் புரட்டினார், பக்கத்துக் கவுண்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் கையிலிருந்த சாம்பிள் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டேன். கடைசியில் காதைக் காட்டச் சொன்னார்கள். இரண்டு போட்டோவிலும் மாறாதது அது ஒன்றுதான். முத்திரை குத்தினார்கள்.

வெளியே அந்தத் துணிக்கடை அம்மாள் என் பேர் எழுதிய அட்டையோடு நின்றிருந்தார். ஆறு டிசம்பராக என் கடையில் உட்கார்ந்து டீ குடித்தவர். நான் நேரே போய் நின்றேன். அவர் என் தோளுக்கு மேலே எட்டி, மீசைக்காரன் வருகிறானா என்று பார்த்தார். நான் குல்லாவைக் கழற்றிப் பேரைச் சொன்னேன். அட்டையால் என் மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

சந்தையில் முதல் நாள் ஒருவரும் வரவில்லை. நான் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் அந்த அம்மாள் கூட்டிவந்த கடைக்காரர்கள் பேண்ட்டைத் தொட்டுப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள், தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் இரண்டு கடைக்காரர்கள் ஆர்டர் கொடுத்தார்கள். மழைக்காலம் வரை மெஷின்களுக்கு வேலை இருக்கும். என்னிடம் வேலை செய்கிற இரண்டு பேரையும் நிறுத்திவைத்துக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் அந்த அம்மாள் வீட்டிலிருந்து செங்கல்பட்டுக்கு, பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். அவர்கள் என் மனைவியைக் கூப்பிட்டு வந்தார்கள். ஆர்டர் கிடைத்துவிட்டது என்றேன்.

"கெடைக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நீ பாட்டுக்கு விசாவுக்கு ஒண்ணும் வேண்டிக்கலன்னு அவங்ககிட்டயே சொல்ட்டு வந்துட்ட. நான் வேண்டிக்கினேன்."

"இன்னா வேண்டிக்கின?"

"உன் தலதான். நம்மகிட்ட வேற இன்னா கீது? மொளைக்கட்டும்னுதான் இவ்ளோ நாளா சொல்லல."

நான் குல்லாவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். இப்போதுதான் சீப்புக்கு ஏதோ கொஞ்சம் பிடிபடுகிற மாதிரி வந்திருந்தது. அந்த அம்மாள் அடுத்த வருஷமும் வரச் சொல்லியிருக்கிறார் என்பதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அதற்கும் இப்போதே எதையாவது வேண்டிக்கொண்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. வந்து சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.