ஜாக்குலின் கடையில் யாரும் உட்காரவில்லை

ஜாக்குலின் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் கேளம்பாக்கத்தில் துணிக்கடை வைத்த பிறகு, கடைகள் தொடர்பாக அரசு எந்த அறிவிப்பு வெளியிட்டாலும் அந்த வட்டாரத்தில் முதலில் படிப்பவள் அவள்தான். வணிகர் சங்க வாட்ஸ்அப் குழுவில் யாராவது ‘இது நமக்குப் பொருந்துமா?’ என்று கேட்டால் அவளே பதில் போடுவாள். செங்கல்பட்டில் கடைக்காரர்களுக்குத் தொழிலாளர் சட்ட வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் கிருபாகரன், தனக்கே அவள் வேலை வைப்பதில்லை என்று சிரிப்பார்.

அந்த அக்கறைக்குக் காரணம் இருந்தது. அவள் அப்பாவும் அம்மாவும் படூர் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். பதினெட்டு வயதில் சென்னையில் ஒரு பெரிய துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள் ஜாக்குலின். எட்டு வருடம் அங்கே சேலைப் பிரிவில் நின்றாள். காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் உட்காரலாம். ஆள் வராத நேரத்தில் அலமாரியில் சாய்ந்தால்கூட மேற்பார்வையாளர் பெயரைக் குறித்துக்கொள்வார். கழிவறைக்குள் போய் உட்கார்ந்து, கண்ணை மூடி நூறு எண்ணிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். சொந்தமாகக் கடை வைத்தால் தன்னிடம் வேலை செய்கிறவர்களை இப்படி வைத்திருக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்திருந்தாள்.

2021இல் கடைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்றது. அதைப் படித்தபோது ஜாக்குலினுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே ஆறு ஸ்டூல் வாங்கி வந்தாள். கடையில் இருந்த ஆறு பெண்களையும் கூப்பிட்டு, சட்டத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஸ்டூல்களைப் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டு போனார். குழுவில் படம் எடுத்துப் போட்டதற்குப் பாராட்டும் வந்தது.

அந்த ஆறு பேரில் மூத்தவர் சம்பூர்ணம். மானாமதியிலிருந்து திருப்போரூர் வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து வருவார். கடை திறந்த வருடத்திலிருந்தே இருக்கிறார். ஜாக்குலினைவிட ஐந்தாறு வயது பெரியவர் என்பதால் ‘அக்கா’ என்றுதான் அவள் கூப்பிடுவாள். பிளவுஸ் துணிப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. முட்டுக்காட்டிலிருந்து வரும் மீனவப் பெண்களுக்கு அவர் எடுத்துக் கொடுத்தால்தான் திருப்தி. சேலை முனையைப் பார்த்ததும் எந்த அடுக்கில் எத்தனையாவது துணி பொருந்தும் என்று கை போய்விடும்.

இரண்டு வருடம் கழித்து, தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில், கூட்டத்துக்கு நடுவே சம்பூர்ணம் நின்ற இடத்தில் தரையில் ரத்தம் கிடந்தது. யாருக்கோ கண்ணாடி குத்திவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தபோது, கணுக்காலுக்கு மேல் சுற்றியிருந்த துணி நனைந்து, அதற்கு மேலே நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டிருந்தன. தோல் கருத்துப் போயிருந்தது. நெடுநாளாகவே புண் இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜாக்குலின் கடையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, அவரைக் காரில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். வருடக்கணக்காக நின்றுகொண்டே இருந்ததால் வந்தது என்றார் டாக்டர். உட்கார முடியாத வேலையா என்று கேட்டார். கடையில் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டிருப்பதாக ஜாக்குலின் அவசரமாகச் சொன்னாள். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து மானாமதிக்குப் போனாள். சம்பூர்ணம் காலைத் தலையணை மேல் நீட்டிக் கட்டிலில் இருந்தார். பழம், மருந்து, துணி என்று கொண்டுபோனதையெல்லாம் வைத்துவிட்டு ஜாக்குலின் வெகுநேரம் கடைக்கதை பேசினாள். கிளம்பும்போதுதான் கேட்டாள்.

“ஸ்டூலு போட்டு வச்சிருந்தேனேக்கா. நான் உக்காரக் கூடாதுன்னு எப்பனா சொன்னேனா?”

“சொல்லலம்மா” என்றார் சம்பூர்ணம். “ஆனா உக்காந்தா நீ வேல குடுப்ப. நின்னுகினு இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்ட.”

ஜாக்குலினுக்கு முதலில் புரியவில்லை. சம்பூர்ணம் கோபமில்லாமல், ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னார். ஸ்டூல் வந்த முதல் வாரத்தில் கடைப் பெண்களில் ஒருத்தியான கீர்த்தனா உட்கார்ந்தாள். கல்லாவிலிருந்து ஜாக்குலின் நிமிர்ந்து பார்த்து, அந்தச் சுடிதார்களை மடித்து வைக்கச் சொன்னாள். மறுநாள் வேறொருத்தி உட்கார்ந்ததும் கண்ணாடி துடைக்கச் சொன்னாள். ஒருநாள் சம்பூர்ணமே உட்கார்ந்தபோது, மேல் அடுக்கிலிருந்து பெட்டி இறக்கும் வேலை வந்தது. அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. ஸ்டூல்மேல் துணிக்கட்டுகளை வைக்கத் தொடங்கினார்கள்.

“நீ வேணும்னு பண்லம்மா. அது எனக்குத் தெரியும்.”

திரும்பி வரும் வழியில் ஜாக்குலின் திருப்போரூர் தாண்டி ஓரமாகக் காரை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு சம்பவமும் அவளுக்கு நினைவிருந்தது. ஒருத்தி சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் உள்ளே ஏதோ அரித்ததும் நினைவிருந்தது. சென்னைக் கடையில் அந்த மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்ப்பதும் அப்படித்தான் இருக்கும். அவரை எட்டு வருடம் வெறுத்தவள், அவரிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் எல்லோரையும் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்கள். அவள் தலை நிமிர்ந்ததும் எழுந்துவிட்டார்கள். ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் கல்லா மேசையைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று அவள் கணவன் ஆனந்தன் கேட்டார். நடந்தது. இரண்டு மூன்று மாதத்தில், பின்னால் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

சம்பூர்ணம் மட்டும் வரவில்லை. புண் ஆற ஐந்து மாதம் ஆனது. கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டால் போதும், வாருங்கள் என்று ஜாக்குலின் இரண்டு முறை போய்க் கூப்பிட்டாள். இரண்டு பஸ் ஏறி இறங்க இனி முடியாது என்றார். ஊரிலேயே ஒரு தையல்கடைக்குப் பிளவுஸ்களில் கொக்கி தைத்துக் கொடுக்கிறார்.

போன வருடம் நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. வழக்கம்போல ஜாக்குலின் உட்கார்ந்து படித்தாள். எல்லோருக்கும் நியமனக் கடிதம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச மருத்துவப் பரிசோதனை. அந்த வரியில் அவள் நின்றுவிட்டாள். கிருபாகரனுக்குப் போன் செய்தபோது, இத்தனை சின்னக் கடைக்கு அது கட்டாயமா என்பது இன்னும் தெளிவாகவில்லை, விதிகள் வரட்டும் என்றார்.

அவள் காத்திருக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை விட்டு, நாற்பதைத் தாண்டிய மூன்று பேரையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள். ஒருத்திக்குச் சர்க்கரை. இன்னொருத்திக்குக் காலில் நரம்பு புடைக்கத் தொடங்கியிருந்தது, இப்போதே கவனித்தால் போதும் என்றார்கள்.

காரில் திரும்பும்போது, பின்னால் இருந்தவள் சம்பூர்ணம் அக்காவையும் கூட்டி வந்திருக்கலாமே என்றாள். பக்கத்தில் இருந்தவள், அவங்க இப்ப நம்ம கடை ஆள் இல்லையே என்றாள்.

ஓட்டிக்கொண்டே ஜாக்குலின் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சம்பூர்ணம் பிளவுஸ் பிரிவில் நின்றபோதே நாற்பதைத் தாண்டியிருந்தார். அக்கா, கால் எப்படி இருக்கிறது என்று அப்போது ஒரு வார்த்தை கேட்பதற்கு எந்தச் சட்டமும் வந்திருக்க வேண்டியதில்லை.