என் தம்பி நின்ற கவுன்டர்

செவ்வாய்க்கிழமை காலை 9.40. முசஃபாவில் என் மகன் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் டாக்ஸி ஏறினேன். ஹம்தான் தெருவுக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அபுதாபிக்கு வந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. பெரிய மசூதியையும் கடற்கரையையும் மகன் காட்டிவிட்டான். இந்த ஓரிடத்துக்கு மட்டும் தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் தம்பி முருகேசன் பத்தொன்பது வருடம் வேலை பார்த்து, வேலை நேரத்திலேயே இறந்துபோன மதுக்கூடம் அது.

நான் அறந்தாங்கியில் பள்ளி ஆசிரியராக இருந்தவன். தம்பி மது ஊற்றிக் கொடுக்கிறான் என்பது எனக்குத் தலைக்குனிவு. யார் கேட்டாலும் "ஹோட்டல்ல இருக்கான்" என்பேன். என் மகள் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயரைப் போடவில்லை. லீவு வாங்கி வைத்திருந்தவன், பத்திரிகையைப் பார்த்துவிட்டு வராமல் இருந்துவிட்டான். மறு வருடம் பெட்டியில்தான் வந்தான்.

டிரைவர் அரியலூர்க்காரர். போகும் இடத்தைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அது இப்ப பழைய பார் இல்ல சார். பெரிய ரெஸ்டாரன்ட் ஆக்கிட்டாங்க. பீரை உள்ளயே காய்ச்சுறாங்களாம். நம்ம ஆளுங்க இப்ப அந்தப் பக்கமே போறதில்ல."

மீட்டரில் 61 திர்ஹம். இறங்கும்போது மணி 10.20. உணவகம் பன்னிரண்டுக்குத்தான் திறக்குமாம். எதிரே ஒரு மளிகைக் கடை. அதை நடத்துபவர் கீழக்கரை காசிம் பாய். முருகேசன் இறந்த அன்று எனக்குப் போன் செய்தவர் அவர்தான். குரலை மட்டும் அறிவேன். தம்பி பெயரைச் சொன்னதும் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஸ்டூல் போட்டு, பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்.

அந்த இடத்தின் கதையை அவர்தான் சொன்னார். எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர்களுக்காகத் திறந்ததாம்.

"போர்டுல 'சலூன்'னு போட்டிருந்துச்சு. முடி வெட்டணும்னு உள்ள போயிட்டு வந்தவனெல்லாம் உண்டு அண்ணே."

வெள்ளைக்காரர்கள் புது ஹோட்டல்களுக்கு மாறிப் போனார்கள். அதன் பிறகு முசஃபாவிலிருந்து வெல்டர்களும் மெக்கானிக்குகளும் வரத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை மதியமானால் நிற்க இடமிருக்காதாம்.

"உங்க தம்பி மூணு கிளாஸுக்கு மேல ஊத்த மாட்டாரு. 'நாளைக்குச் சாரத்துல ஏறணும்ல, கலாஸ், போதும்'னுடுவாரு. ஒருத்தன் கிளாஸாலயே அடிச்சு நெத்தியக் கிழிச்சுட்டான். யாவாரத்தைக் கெடுக்குறேன்னு மேனேஜரும் திட்டுவாரு. கேக்கல. மறுவாரமும் மூணுதான்."

பாய் எதிர் வாசலைக் கை காட்டினார்.

"முப்பது வருஷமா எதுத்தாப்புல இருக்கேன். அந்த வாசப்படிய மிதிச்சதில்ல. எனக்கு அது ஹராம். ஒரே ஒரு நாள்தான் மிதிச்சேன்."

அன்று பார் இன்னும் திறந்திருக்கவில்லை. துடைக்கிற ஆள் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்திருக்கிறான். பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். கவுன்டருக்குப் பின்னால், தான் உருட்டிக்கொண்டிருந்த பீர் பீப்பாய்க்குப் பக்கத்தில் முருகேசன் நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"தண்ணி கேட்டாரு, குடுத்தேன். அண்ணனுக்குப் போன் போடட்டுமான்னேன். 'இப்ப வேணாம் பாய், பாடம் நடத்திக்கிட்டு இருப்பாரு'ன்னாரு. அதுக்கப்புறம் பேசல. அதான் உங்களுக்குப் பள்ளிக்கூடம் விட்டப்புறம் போட்டேன். இதைப் போன்ல சொல்ல எனக்கு வாய் வரல."

டீக் கப்பைக் கீழே வைத்துவிட்டேன். அவர் கடைக்கு இரண்டு பேர் வந்து, எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்கள்.

பன்னிரண்டு மணிக்கு நான் தெருவைக் கடந்தேன். திரும்பிப் பார்த்தால் பாயும் வந்துகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

உள்ளே குளிர். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலான நான்கு எஃகுக் கலன்கள். வெந்த பார்லியின் வாசனை. பரிமாறும் பெண் மலையாளி. எலுமிச்சைச் சாறு 28 திர்ஹம், அங்கேயே காய்ச்சிய பீர் ஒரு கிளாஸ் 45. பழைய பாரில் மிஞ்சியது கவுன்டர் ஒன்றுதான் என்றாள். அதை மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். சுவரில் அந்த இடத்தின் சரித்திரம் படங்களாகத் தொங்கியது. எல்லாம் குடிக்க வந்தவர்களின் படங்கள். ஒன்றில் மட்டும் ஓரத்தில், கிளாஸை நீட்டும் வெள்ளைச் சட்டைக் கை தெரிந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்த பாய், "அது அவரில்ல அண்ணே" என்றார்.

பிறகு கவுன்டரின் இடது மூலையைக் காட்டினார். "இங்கதான்."

அங்கே இரண்டு கைகளையும் ஏந்தி, உதடு மட்டும் அசைய ஏதோ ஓதினார். நான் மரத்தின் மேல் கையை வைத்தபடி நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். கேட்க முடியவில்லை. பாய் அங்கே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஊர் திரும்பி ஒரு வாரம். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் அரசு மதுக்கடை இருக்கிறது. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டில் எடுத்துக் கொடுக்கும் ரவி, பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். அவனும் தலையைக் குனிந்துகொள்வான்.

அன்று நேரே போனேன். வரிசையில் நின்றவர்கள் திகைத்து வழிவிட்டார்கள்.

"சார்... நீங்களா? என்ன சார் வேணும்?"

"ஒண்ணும் வேணாம்ப்பா. சாப்பிட்டியா?"

ரவி கம்பி வலைக்குப் பின்னால் எழுந்து நின்றான்.

"இன்னும் இல்ல சார்" என்றான்.