மச்சான் கொடுத்த சாம்பிள்

வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் கம்பெனியில் மெடிக்கல் செக்கப் உண்டு. எங்கள் கம்பெனி என்பது வாய்ப் பழக்கம்தான். ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், கான்ட்ராக்டில். நீலச் சட்டை போட்டவர்கள் நிரந்தரம், சாம்பல் சட்டை நாங்கள். நீலத்துக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள், ஈசிஜி பார்ப்பார்கள், முடிந்ததும் இட்லி, பொங்கல், காபி. சாம்பலுக்கு சைக்கிள் ஷெட் பக்கத்தில் ஷாமியானா. எடை, பிரஷர், கண், கடைசியாக ஒரு கப்பைக் கையில் கொடுத்து கழிவறைப் பக்கம் கைகாட்டுவார்கள். கொண்டு வருவதில் ஒரு பட்டையை முக்கி நிறம் பார்ப்பார்கள். அந்தப் பட்டை சரியென்றால் எங்கள் உடம்பு முழுவதும் சரி என்று அர்த்தம். ‘ஃபிட்’ முத்திரை விழும், கேட் பாஸ் புதுப்பிக்கப்படும்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. சில மாதங்களாகவே தாகம் அதிகம், ராத்திரியில் மூன்று தடவை எழுந்து போவதும் அதிகம். போனில் தேடிப் பார்த்ததில் எனக்குப் பதினோரு வியாதிகள் இருந்தன. அதில் இரண்டு பெண்களுக்கு மட்டும் வரக்கூடியவை. எல்லாவற்றிலும் முதலிடத்தில் நின்றது சர்க்கரை. போன வருஷம் சர்க்கரை என்று பட்டை சொன்ன ஒருத்தரை, “ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க” என்று அன்பாக அனுப்பிவைத்தார்கள். ரெஸ்ட் எடுத்துவிட்டு வந்தபோது அவர் வண்டியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான்.

அதனால் எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. செக்கப்புக்கு முந்தின வாரம், யாருடைய யூரின் சுத்தம் என்று பேச்சு நடக்கும். நல்ல கொத்தனார் யார் என்று விசாரிப்பது மாதிரியேதான். எனக்கு விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு கதவு தள்ளி என் மச்சான் இருந்தான், என் மனைவிக்கு ஒரே தம்பி. முப்பத்துநாலு வயது. அலுமினியம் உருக்கி வார்க்கும் ஷெட்டில் வேலை. ஒரு கையால் காஸ் சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைப்பான். குடி கிடையாது, பீடி கிடையாது. இப்படி ஒரு உடம்பு சொந்தத்திலேயே இருக்கும்போது வெளியில் போய்க் கெஞ்சுவானேன்?

நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வந்தவனிடம் பாட்டிலை நீட்டினேன். இருமல் மருந்து பாட்டில். மருந்தில் இருக்கும் இனிப்பு ஒட்டிக்கொண்டு என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று ஏழு தடவை கழுவியிருந்தேன்.

“இன்னா மாமா, காலங்காத்தால பால் வாங்க வந்த மாதிரி நிக்கிற?” என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான்.

கொஞ்சமாகத்தான் வந்தது. நிறமும் கெட்டி டீ மாதிரி இருந்தது. ராத்திரி முழுக்க உலையண்டை நின்றவன், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சூடு ஆறினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இடுப்பில் செருகிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் என் உயிர் இடுப்புக்கு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

ஷாமியானாவில் இருந்த நர்ஸ் சிஸ்டர் பட்டையை முக்கினார். எடுத்தார், பார்த்தார். இன்னொரு பட்டையை முக்கினார்.

“சர்க்கரை இல்லண்ணே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஆனா புரோட்டீன் மூணு பிளஸ் காட்டுது. கால் வீங்குதா? யூரின் நுரையா போகுதா?”

இந்த இடத்தில் என் வீரத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். குனிந்து என் காலைப் பார்த்தேன், வீங்கியிருந்தது. முகம் கனத்தது. இடுப்பில் இரண்டு பக்கமும் வலித்தது. “ஆமா சிஸ்டர், ரொம்ப நாளா” என்று சொல்லி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் கிட்னி, ரத்தப் பரிசோதனை, உடனே, என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனார். நான் என் சாவுக்கு யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது வரைக்கும் போய்விட்டேன். அப்போதுதான் உறைத்தது, அது என்னுடையது இல்லையே.

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சு வெளியே போய் முடிவதற்குள், அப்படியானால் யாருடையது என்ற கேள்வி வந்து நின்றது.

ரத்தப் பரிசோதனை செய்து வரும்வரை உள்ளே விட முடியாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்தேன். ஆட்டோ வந்தது, ஏறவில்லை. அடுத்தது வந்தது, ஏறினேன், இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன். டீ சொன்னேன், வருவதற்குள் காசை வைத்துவிட்டு நடந்தேன். அவனுக்கு எப்படிச் சொல்வது? அதைவிட, அவன் அக்காவுக்கு எப்படிச் சொல்வது? “உன் தம்பிக்கு கிட்னி கோளாறு. எப்படித் தெரியும்னா, நான் திருட்டுத்தனம் பண்ணேன்.” ரோட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எதிரே வந்த அம்மா ஓரமாக ஒதுங்கிப் போனார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மெடிக்கல் ஷாப். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையை டப்பாவுக்குள் விட்டார்.

“மச்சானுக்குத்தானே? அதே இடுப்பு வலி செட்டா?”

செட் என்றால் கடைக்காரர் தாளில் சுற்றித் தரும் நாலைந்து மாத்திரைகள். பேரும் இருக்காது, சீட்டும் வேண்டாம்.

“இது கிட்னிக்கு எதனா பண்ணுமா?”

“எப்பவாச்சும் போட்டா ஒண்ணும் பண்ணாதுபா. அவரு ஒரு வருஷமா தினமும் போடறாரே.”

பாதி நாள் அந்த செட்டை வாங்கிப் போனவன் நான்தான். வரும் வழியில் இருக்கிறதே என்று, பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில்.

மச்சான் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி, நேராகச் சொல்லிவிட்டேன்.

“மச்சான், அந்த பாட்டில்ல புரோட்டீன் மூணு பிளஸ்ஸாம். கிட்னி பிரச்சினையா இருக்கலாம்னு சொல்றாங்க.”

“சூப்பர் மாமா” என்று திரும்பிப் படுத்தான். “அப்பால வந்து கலாய்.”

“அம்மா சத்தியமாடா!”

“போன மாசம் ஹார்ட் அட்டாக்னு சொல்லி என்னை பைக் ஓட்ட வெச்சியே, ஞாபகம் கீதா? வாலாஜாபாத் தாண்டறதுக்குள்ள ஒரு ஏப்பம் வுட்ட, நின்னு பரோட்டா துன்னுட்டு வந்தோம். வுடு மாமா, தூங்கணும்.”

நாற்பத்தெட்டு வருஷம் கோமாளித்தனம் செய்ததற்கு அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது. வேறு வழி தெரியாமல் அவன் காலைப் பிடித்தேன். கெஞ்சுகிறேன் என்று நினைத்து, “ஐய, கால்ல எல்லாம் வுழாத” என்று இழுத்துக்கொண்டான். விடாமல் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழி மேலே வரவேயில்லை.

“ஷூ போடறதால வீங்குதுன்னு நெனச்சேன்” என்றான்.

அப்புறம் எழுந்து உட்கார்ந்து சுறுசுறுப்பாக யோசிக்க ஆரம்பித்தான். “உங்கிட்ட சீட்டு கீதுல்ல? அதுல உன் பேர் தானே கீது? நான் போயி உன் பேர்ல ரத்தம் குடுத்துட்டு வரேன். எங்க ஷெட்டுக்கு தெரியாது. தெரிஞ்சா அடுத்த மாசம் கான்ட்ராக்ட் மாறும்போது என் பேரை எடுத்துடுவான் மாமா.”

ஒரு நிமிஷம் எனக்கு அது அருமையான யோசனையாகத்தான் பட்டது. அவ்வளவு பழகிப் போயிருந்தோம். அப்புறம் என் பயமே எனக்கு உதவிக்கு வந்தது. அவனுடைய கிட்னி என் பேரில் பதிவாகும், அவனுடைய மாத்திரையை எனக்கு எழுதிக் கொடுப்பார்கள், இரண்டே நாளில் நான் அதை நம்பி விழுங்கவும் ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

“வேணாம்டா. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போலாம். எந்த கம்பெனின்னு அவங்க கேக்க மாட்டாங்க. உன் பேர்லயே குடு.”

“அப்ப நீயும் குடு.”

“நான் எதுக்கு?”

“நீ எதுக்கு எங்கிட்ட பாட்டில் வாங்கின? அதுக்குத்தான். நீ குடுத்தா நான் குடுக்கறேன், இல்லன்னா தூங்கறேன்.”

இப்படித்தான் மறுநாள் காலை நாங்கள் இருவரும் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றோம். முன்னால் கைக்குழந்தைகளோடு அம்மாக்கள், பின்னால் கட்டட வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள். ரத்தம் எடுக்கும் பெண் என் கையைத் தொட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். “வல்லக்கோட்டை முருகன் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்” என்றான் மச்சான்.

ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மா என்னுடையதை முதலில் பார்த்து, “உங்களுக்கு சர்க்கரை. மாத்திரைல கட்டுப்படும்” என்றார். இத்தனை நாள் கிடுகிடுவென்று நடுங்கிய விஷயத்தை அவர் பஸ் டிக்கெட் கிழித்துத் தருவது போலச் சொல்லி முடித்துவிட்டார். மச்சானுடைய தாளில்தான் நிறைய நேரம் நின்றார்.

“கிரியாட்டினின் ஏறியிருக்கு, கிட்னி சரியா வேலை செய்யல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், ஸ்கேன் பண்ணணும். வலி மாத்திரையை இன்னையோட நிறுத்துங்க. ஷிப்டுல எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?”

“குடிக்க மாட்டேன் மேடம்.”

“உலைகிட்ட நின்னுக்கிட்டா? ஏன்?”

“குடிச்சா ஒண்ணுக்குப் போவணும். போவணும்னா ரிலீவர் வந்து மிஷின்ல நிக்கணும். பன்னெண்டு மிஷினுக்கு ஒரே ரிலீவர். அவனும் டீ குடிக்கப் போயிருப்பான்.”

அவர் பேனா நின்றது. அந்த இடத்தில் எழுதுவதற்கு அவரிடமும் மருந்து இல்லை. “எப்படியாவது குடிங்க. இப்பவே பார்த்துக்கிட்டா காப்பாத்திடலாம்” என்றார்.

நான் கம்பெனிக்குப் போய் சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவேயில்லை. “இருமல் மருந்து வாசனை வந்துச்சுண்ணே” என்றார். டாக்டரம்மா கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். வந்தால் வண்டி இருக்குமா என்று கேட்டேன். அது அவர் கையில் இல்லை என்றார்.

மச்சான் ஸ்கேனுக்குப் போனான், மாத்திரையை நிறுத்தினான். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, அடுத்த மாதம் மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும். இடுப்பு வலிக்கிறது என்று முனகுகிறான். டாக்டரம்மா கொடுத்த சீட்டை மட்டும் ஷெட்டில் காட்டவில்லை. காட்டினால் வேலை போகும், காட்டாவிட்டால் ரிலீவர் வரமாட்டான். எனக்குத் தெரிந்த ஒரே வேலை பதறுவது, அதைச் செய்கிறேன். அவன் பகல் ஷிப்டில் இருந்தால் டீக்கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு பிரேக் நேரம் பார்த்துப் போன் அடிப்பேன்.

“குடிச்சியா?”

“குடிச்சேன் மாமா.”

“பொய் சொல்ற.”

“உன்கிட்ட பேஜாரா போச்சு மாமா.”

நேற்று பிரேக் நேரம் தாண்டி அரை மணி ஆகியும் அவன் எடுக்கவில்லை. அவன் அக்காவுக்குச் சொல்லலாமா, நானே ஷெட் கேட்டுக்குப் போய் நிற்கலாமா என்று டீக்கடைக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். பத்தாவது தடவை எடுத்தான். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம்.

“எங்கடா இருக்க?”

“ஒண்ணுக்குப் போயினு கீறேன் மாமா. ரிலீவர் வரல, பக்கத்து மிஷின்காரன் அஞ்சு நிமிஷம் ரெண்டையும் பாத்துக்கறேன்னான். போனை வைய்யி.”

வைத்தேன். பெஞ்சில் இருந்த நாலு பேரிடமும், “என் மச்சான் ஒண்ணுக்குப் போறான்!” என்று சொன்னேன்.