மறந்துவிட்டு வந்த குடை

வீட்டுப் பராமரிப்பு உதவி அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியக்கா என்று பெயர். வயதானவர்களின் வீட்டுக்குப் போய் இருபது கேள்விகள் கேட்பது அவள் வேலை. பத்தொன்பது வருடங்களாகக் கேட்கிறாள். தானாகக் குளிக்க முடிகிறதா, சட்டைப் பட்டன் போட முடிகிறதா, ஒரு டீ போட்டு எடுத்துவர முடிகிறதா. முடியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பத்துப் புள்ளி சேர்ந்தால் தினமும் காலையில் இரண்டு மணி நேரத்துக்கு அரசு ஓர் உதவியாளை அனுப்பும். ஒன்பது என்றால் அனுப்பாது. பிள்ளைகள் எல்லாரும் வேலைக்கு ஓட, பெற்றவர்களை யார் எழுப்பிக் குளிப்பாட்டுவது என்ற கவலை வீட்டுக்கு வீடு முளைத்தபோது, அரசு அதை இருபது துண்டாக நறுக்கித் தாளில் அச்சடித்துவிட்டது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு விரற்கடை இடமும் விட்டிருந்தது. மிச்சக் கஷ்டமெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

கேட்டால் மட்டும் உண்மை வராது என்பது புள்ளியக்காவின் அனுபவம். முடியாதவர் 'எனக்கென்ன குறை' என்பார், முடிகிறவர் முனகுவார். அதனால் அவள் வெயில் கொளுத்தும் நாளிலும் கையில் குடையோடுதான் போவாள். கேள்விகள் முடிந்ததும் குடையை நாற்காலியோரம் மறந்ததுபோல் வைத்துவிட்டு விடைபெறுவாள். பத்து நிமிடம் கழித்து, 'ஐயோ, என் குடை' என்று திரும்பி வருவாள். படுத்த படுக்கை என்று சொன்ன ஒருவர் அப்போது முக்காலி மேல் ஏறி பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் நானே செய்வேன் என்ற ஓர் அம்மாள் எழுந்திருக்க வழியில்லாமல் தரையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடை கைக்கு வந்த பிறகுதான் படிவத்தில் 'சந்திப்பு முடிந்த நேரம்' எழுத வேண்டும் என்பது அவள் வகுத்த விதி. அதைப் புதிதாக வந்த எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்த வித்தையைக் கற்றுக்கொண்ட ஒருவரும் இருந்தார். அவளுடைய அப்பா.

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்துநாலு வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட இடித்ததில்லை என்பதை, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வார். இப்போது மூட்டுவாதம். விரல்கள் மடங்காது, கொஞ்ச நேரம் நின்றால் முழங்கால் பூட்டிக்கொள்ளும். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் சின்ன மகளோடு இருந்தார். புள்ளியக்கா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவாள். யார் வீடு, எந்தத் தெரு என்று மூச்சு விடமாட்டாள். ஆனால் குடைக் கதை ஒன்றாவது சொல்லாமல் கை கழுவமாட்டாள். அப்பா சிரித்துச் சிரித்துக் கேட்பார்.

சின்னவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. ஷிஃப்ட் ஏழு மணிக்கு. அப்பாவை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பிட வைத்துவிட்டு அவள் போய்ச் சேர ஒன்பதாகிவிடும். மேற்பார்வையாளர் நல்லவர்தான், அதனால்தான் மூன்று மாதம் பொறுத்துவிட்டு, மாதக் கடைசிக்குள் நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொன்னார். சின்னவள் உதவிக்கு விண்ணப்பம் போட்டாள்.

சொந்த அப்பாவுக்குப் புள்ளியக்கா புள்ளி போட முடியாது. வாடகை உதவிப் பிரிவிலிருந்து மாறி வந்தவரிடம் அந்தக் கோப்பு போனது. எந்தக் கோட்டையும் ஸ்கேல் வைத்தே போடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேல் என்றே பெயர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கும்படி சின்னவள் போனில் கெஞ்சினாள். பெரியவள் முடியாது என்றாள்.

"ஊருக்கெல்லாம் அள்ளிப் போடற புள்ளி, நம்ம வீட்டுக்கு மட்டும் தீர்ந்து போச்சாக்கா?"

"உள்ளது உள்ளபடி இருந்தாலே பத்துக்கு மேல வரும்டி. அப்பாவைச் சும்மா இருக்கச் சொல்லு, போதும்."

அப்பா சும்மா இருக்கவில்லை. அந்த உதவி தனக்காகத்தான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் டிரைவராக இருந்த காலத்தில் வருடாவருடம் ஒருவர் தாளோடு வந்து கண், காது, கை, கால் பார்ப்பார். தேறாவிட்டால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். அதிலிருந்து, தாளோடு யார் வந்தாலும் அவர் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். ஒரு வாரமாகப் பயிற்சி எடுத்தார். சட்டையின் கீழ்ப் பட்டன்களை மகளைப் போடச் சொல்லிவிட்டு, மேல் இரண்டை மட்டும் போட்டுப் போட்டுக் கழற்றினார். டாக்டர் சொன்ன விரல் பயிற்சி என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். பாத்திரத்தில் ஒரு டீக்கு மட்டும் தண்ணீர் வைத்துத் தூக்கிப் பார்த்தார். கேள்வித்தாள்தான் முன்கூட்டியே வெளியாகிவிட்டதே, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக.

ஸ்கேல் வருகிற அன்று சின்னவளுக்கு விடுப்பு கேட்க முகமில்லை. அவள் போன பிறகு, காலை பத்து மணிக்கு மழையோடு வந்தார் ஸ்கேல். அப்பா எழுந்து நின்று வரவேற்றார். மேல் பட்டன் இரண்டையும் அவர் கண்ணெதிரே போட்டார். அடுப்படிக்கு நடந்துபோய் ஒரு டீ போட்டு, சிந்தாமல் கொண்டுவந்தார். குளிப்பதா, நானே. நகம் வெட்டுவதா, நானே. ஸ்கேல் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். கூட்டிப் பார்த்தால் மூன்று. அவருக்கே மனசு சங்கடப்பட்டது. மேலதிகாரி மாதிரி இருக்கிற ஒருத்தியின் அப்பா. என்ன செய்வது, மூன்று மூன்றுதான். மழை விட்டிருந்தது. அவர் கிளம்பினார். குடை நாற்காலியோரம் இருந்தது.

அப்பா அதைப் பார்த்தார். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். திரும்பி வரும்போது நாற்காலியில் சரிந்து கிடந்தால் இத்தனை பாடும் வீண். கதவைத் திறந்து வைத்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். பத்து நிமிடம்தானே. பத்து ஆனது. இருபது ஆனது. முழங்கால் பூட்டிக்கொண்டது. இனி உட்காரலாம் என்று முடிவு செய்தபோது, நாற்காலி ஏழடி தூரத்தில், அடுத்த ஊரில் இருப்பதுபோல் இருந்தது.

ஸ்கேல் குடையை உண்மையாகவே மறந்திருந்தார். திரும்பி வந்து பார்க்கிற வேலை அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டதால், அதை அவர் செய்வதே இல்லை. இரண்டு தெரு தள்ளி டிபன் சாப்பிட்டு வெளியே வந்து, மறுபடி தூறல் விழுந்தபோதுதான் நினைவு வந்தது. அவர் மூன்றாம் மாடிக்குத் திரும்பியபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கிழவர் வியர்வையில் நனைந்து, கதவோடு கதவாக நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கக் கூடாதா தம்பி," என்றார் அப்பா. "எங்க பெரியவ பத்து நிமிஷத்துல வந்துடுவா."

ஸ்கேலுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. நாற்காலியைக் கதவருகே இழுத்துவந்து, அக்குளில் கைகொடுத்து அவரை உட்கார வைத்தார். பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பார்த்தார். 'சந்திப்பு முடிந்த நேரம்' என்ற இடம் காலியாக இருந்தது. குடை கையில் இல்லாமல் அதை எழுதக் கூடாது என்ற விதியை அவர் கை தானாகவே பின்பற்றியிருந்தது. பேனாவைத் திறந்தார்.

"மறுபடி முதல்லேர்ந்து கேக்கறேன் ஐயா. இந்தத் தடவை உக்காந்துகிட்டே சொல்லுங்க. இன்னைக்குக் காலையில உங்களைக் குளிப்பாட்டினது யாரு?"

அப்பா குடையைப் பார்த்தார்.

"சின்னவ," என்றார்.

ஸ்கேல் ஸ்கேலை எடுத்து, பழைய விடைகளை நேராக அடித்தார். மூன்றாவது பட்டனைப் போட்டுக்காட்டச் சொன்னார். அது முடியவில்லை. புள்ளிகள் பதிமூன்று ஆயின. குறிப்பு என்ற இடத்தில், 'குடையை மறந்தது தற்செயல்' என்று பொடி எழுத்தில் எழுதினார்.

கடிதம் பன்னிரண்டு நாளில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சின்னவள் அதை உரக்கப் படித்தாள். இருபதுக்குப் பதிமூன்று மோசமில்லை என்று அப்பா சொல்ல, அது முடியாததற்குப் போட்ட மார்க் என்று அவள் சொல்ல, அதுவும் மார்க்தானே என்றார் அவர். புள்ளியக்கா அன்று ஒரு கதையும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவள் போகிற வீடுகளில் குடை மறப்பதில்லை. வேறெதையோ மறக்கிறாள், எதை என்று அப்பா இரண்டு முறை கேட்டும் சொல்லவில்லை.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு உதவியாள் வந்தாள். சின்னவள் ஆறேகாலுக்குக் கிளம்பினாள். உதவியாள் அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்து, சட்டையை மாட்டி, கீழிருந்து பட்டன் போட்டுக்கொண்டே வந்தாள். கழுத்துக்கு அருகில் வந்ததும் அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"மேல் ரெண்டும் நான் போட்டுக்கறேம்மா."

அவள் காத்திருந்தாள். இரண்டாவது பட்டன் ஓட்டைக்குள் போனபோது, சின்னவள் சலவைப் பிரிவில் மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். மணி ஏழாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.