மாமா கையில் மின்னிய வெள்ளி

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் நிற்கிறேன். தாளை அடுக்கிக் கொடுத்தால் நேராக வெட்டுவேன். எழுதச் சொன்னால் வரி கோணிக்கொண்டு போகும். எங்கே ஒற்று போடுவது, எங்கே விடுவது என்பதும் சரிவரத் தெரியாது. வீணாய்ப்போன காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லிவிடலாம்தான், நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் செல்போனைப் பார்த்துப் பார்த்துத் தன் வண்டி டேங்குக்கு மாடியில் பெயிண்ட் அடித்தான். பெயிண்டில் கலக்கிற தின்னர் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. நான் எழுந்துபோய் எங்கள் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

“சோத்து ஒல கொதிக்கிறப்ப எதுக்கு அணைக்கிறீக?” என்று கேட்டாள் என் மனைவி. அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆமத்தூருக்குப் பக்கம். அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். சாயங்காலம் அவர் திரும்பி வரும்போது முழங்கை வரைக்கும் வெள்ளியாக மின்னும். அலுமினியப் பவுடர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கொஞ்சம் நிற்கும். நான் நாலாவது படிக்கும்போது அந்த அறை வெடித்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. கம்பெனி வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய சிவப்பு மோட்டார் சைக்கிளை யாரோ இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அதன் பிறகு எங்களோடு வந்து தங்கினார். விருதுநகரில் ஒரு வண்டிப் பட்டறையில் வேலை. அங்கே அவர் நட்டு முடுக்குகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். “அந்த வண்டி என் கண்ணு முன்னாடி நிக்கக் கூடாதுடா. யாருக்காச்சும் குடுத்துரு” என்று அம்மா அவரிடம் சொன்னாள். அகாலமாகப் போனவரின் வண்டி என்று வாங்க ஆள் வரவில்லை. ஒருநாள் மாமா அதை ஓட்டிக்கொண்டு போனார். எங்கே என்று அம்மா கேட்கவில்லை. நான் கேட்டேன். “வேலைக்கு விட்டுருக்கு” என்றார். வண்டி என்ன வேலைக்குப் போகும் என்று எனக்குப் புரியவில்லை. என் சந்தேகம் அங்கே ஆரம்பித்தது.

முழுப் பரீட்சை லீவு வந்தது. அம்மா தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். விடிந்தும் விடியாமலும் வேன் வரும். அவள் ஏறிப் போனதும் மாமா பட்டறைக்குக் கிளம்ப மாட்டார். பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வந்தால் அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.

சும்மா சாத்துவதில்லை. முதலில் தரை முழுக்கத் தண்ணீர் தெளிப்பார். ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார். செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிடுவார். “நான் வெளிய வர்ற வரைக்கும் தீக்குச்சி ஒரசக் கூடாது, கேட்டியா? அடுப்புப் பக்கமே போகாத” என்பார். மத்தியானம் இரண்டு பேருக்கும் பழைய சோறுதான்.

இதெல்லாம் எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த காரியங்கள். மருந்து இருக்கும் இடத்தில் தீ கூடாது, செருப்புக் கூடாது, தரை காயக் கூடாது என்று அப்பா எனக்குக் கதை போலச் சொல்லியிருக்கிறார். வீட்டைப் பூட்டிக்கொண்டு திருட்டுத்தனமாக வெடி கட்டுவதும் சுற்றுவட்டாரத்தில் நடக்காததில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டேன். சர், சர் என்று ஒரே சீராகச் சத்தம். மருந்து சலிக்கிற சத்தம். வாசனை மட்டும்தான் ஒத்துவரவில்லை. மூக்கில் ஏறித் தலையைக் கிறுகிறுக்க வைத்தது. இது புது மருந்து போலிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

ஒருநாள் உள்ளேயிருந்து மாமா கத்தினார். “சண்டாளக் கொசு! ஒத்தக் கொசு, எல்லாம் நாசமாப் போச்சு!” அன்றைக்குப் பூராவும் மறுபடி சர், சர். ஒரு கொசுவுக்காகப் பார்த்த வேலை முழுவதையும் அழித்துவிட்டுத் திரும்பச் செய்கிற ஆள், எவ்வளவு ஆபத்தான வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று நினைத்து, கதவை விட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தேன்.

அன்று அவர் வெளியே வந்து கை கழுவும்போது பார்த்தேன். விரலெல்லாம் வெள்ளி. நகக்கண்ணிலும் வெள்ளி.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவின் சாவுக்குப் பிறகு தீபாவளிக்குக்கூட எங்கள் வீட்டுக்குள் ஒரு கம்பி மத்தாப்பு வரவில்லை. சொன்னால் அவள் என்ன ஆவாளோ என்று பயம். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு காரியத்தைச் செய்தேன். தினமும் வேன் போனதும் சுவரில் இருந்த அப்பா படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த புளியமரத்தடிக்குப் போய்விடுவேன். வீடு போனாலும் அப்பா படமாவது மிஞ்சட்டும் என்று கணக்கு. அம்மா வருவதற்கு முன்னால் திரும்ப மாட்டிவிடுவேன். மாமாவைக் கூப்பிட்டு வெளியே உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எதிர்வீட்டு அத்தை என்னைப் பிடித்துவிட்டாள். அம்மா வேலை பார்க்கும் கம்பெனியிலேயே அவளுக்கும் வேலை. அன்று லீவு போட்டிருந்தாள்.

“ஏலே, படத்த எங்கலே தூக்கிட்டுப் போற?”

“சும்மா.”

“சும்மாவா ஒங்கப்பன ஊர்வலம் கூட்டிட்டுப் போற? ஒங்க மாமன் உள்ள என்னலே பண்றாரு?”

“தெரியாது.”

“தெரியாதாம்ல! மாமன் கையப் பாத்தா நகைக்கடை மாதிரி மின்னுது. இவருக்குத் தெரியாதாம்.”

மறுநாள் காலையில் வேன் படியருகே அவள் அம்மாவின் காதோடு பேசினாள். கிசுகிசுவென்று பேசுவதாக அவளுக்கு நினைப்பு, தெருவுக்கே கேட்டது.

“மதினி, சொல்றேன்னு கோவிச்சுக்கிடாதீக. ஒங்க தம்பி வீட்டுக்குள்ள மருந்து வச்சு வேல பாக்குறாரு. எம்புட்டுப் பட்டுட்டீக, இன்னும் வேணுமா?”

அம்மா வேனில் ஏறிவிட்டாள். வேன் போய்விட்டது.

நான் வழக்கம்போலப் படத்தோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறும் நேரம். தார்ரோட்டுப் பக்கமிருந்து அம்மா வருகிறாள். நடக்கவில்லை, ஓடி வருகிறாள். பாதி வழியில் வேனை நிறுத்தி இறங்கியிருக்கிறாள். செருப்பு கையில். என்னைப் பார்த்தாள். என் மடியில் அப்பா படத்தைப் பார்த்தாள். அவள் முகம் அப்போது இருந்த மாதிரி நான் பிறகு பார்த்ததில்லை. என்னைத் தாண்டி வீட்டுக்குள் ஓடினாள். படத்தை அங்கேயே வைத்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

பின்னறைக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். மாமா திறந்தார்.

“எங்கலே மருந்து?”

“என்ன மருந்துக்கா?”

“ஒன் கையில வெள்ளி எங்கருந்துலே வந்துச்சு? அவர முழுங்குனது பத்தலையா? இந்த வீட்டுக்குள்ள அத எப்படிடா கொண்டுவந்த?”

மாமா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது போலிருந்தது. “யக்கா, இது பெயிண்டுக்கா. வீலுக்கு அடிக்கிற சில்வர் பெயிண்டு. இந்தா, டப்பாவப் பாரு” என்றார். “தூசி ஒட்டிரும்னுதான் தண்ணி தெளிச்சேன். தின்னர் சட்டுனு பத்திக்கிரும், அதான் அடுப்பு வேணாம்னேன். காலு மண்ணு உள்ள வந்துரும்னு செருப்பக் கழட்டிப் போட்டேன். மருந்து இல்லக்கா. ஒன் மேல சத்தியமா இல்ல.”

அம்மாவுக்கும் கதவுக்கும் இடையில் எட்டிப் பார்த்தேன். கறிக்கடையில் ஆடு தொங்குவது போல உத்திரத்திலிருந்து கம்பியில் சாமான்கள் தொங்கின. இரண்டு மட்கார்டு, இரண்டு பக்கப் பெட்டி, நடுவில் ஒரு டேங்கு. எல்லாம் கறுப்பு. பார்த்தால் முகம் தெரியும். சுவரோரம் வெள்ளியடித்த இரண்டு வீல். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள் ஒரு வாளியில் மிதந்தது. சர், சர் சத்தம் அதுதான்.

அம்மா ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

“யாரு வண்டி?”

மாமா என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். “பால்காரரு வண்டிக்கா.”

அம்மா எழுந்தாள். டேங்கின் இடது பக்கம் போய் நின்றாள். அப்பா வண்டியின் டேங்கில் அந்த இடத்தில் ஒரு நசுங்கல் உண்டு. என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அவர் விழுந்தபோது ஆனது. இந்த டேங்கில் நசுங்கல் ஒன்றும் இல்லை. பள்ளத்தில் பட்டி மாவு வைத்து நிரவி, முட்டை ஓடு போல இருந்தது. அம்மா அந்த இடத்தில் விரல்களை வைத்தாள்.

“காயலக்கா!” என்றார் மாமா. அதற்குள் வைத்துவிட்டாள். நாலு விரலும் பதிந்துவிட்டது.

அவள் தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்தாள். “நல்லா மாத்தியிருக்கடா” என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய், “பத்த வைக்கலாமாடா?” என்று கேட்டாள். “கொஞ்சம் பொறுக்கா” என்றார் மாமா. பொறுத்தாள்.

ஒரு கொசுவுக்காக எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தவர் அல்லவா, மறுபடி சர், சர் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அந்த விரல்தடத்தை அவர் அப்படியே காய விட்டுவிட்டார்.

அடுத்த தெருப் பால்காரர் வண்டியை எடுக்க வந்தபோது அதைக் கண்டுபிடித்தார்.

“என்ன மாப்ளே, இங்கன வெரல் பதிஞ்சு கெடக்கு?”

“அது அப்படித்தாண்ணே இருக்கும். வேணும்னா எடுங்க, இல்லன்னா விட்ருங்க.”

மாமா யாரையோ ஏமாற்றுகிறார் என்று எனக்கு அப்போது உறுதியாகிவிட்டது. சரியில்லாத வேலையைத் தலையில் கட்டுகிறார். அப்பா வண்டியையும் இப்படித்தான் எங்கேயோ தள்ளிவிட்டிருப்பார். ரொம்ப நாள் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பல வருஷம் கழித்து, நான் அச்சக வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, அந்தப் பால் வண்டி டீக்கடை முன்னால் நின்றது. பெட்ரோல் மூடி ஓரத்தில் கறுப்பு உதிர்ந்திருந்தது. உள்ளே சிவப்பு. நான் டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

ஆனால் அந்த வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவரை எங்கள் வீட்டில் பால் வாங்கியதில்லை. கருப்பட்டி போட்ட கடுங்காப்பிதான். அந்த வண்டி தெருவில் ஓடத் தொடங்கியதும், அம்மா பால்காரரிடம் வாடிக்கை வைத்தாள். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே செம்போடு வாசலுக்குப் போய்விடுவாள். அவர் இறங்கிக் கேனைத் திறந்து ஊற்றுகிற வரைக்கும் இடது கையை டேங்கின் மேல் வைத்துக்கொண்டு நிற்பாள். சில நாள், ஊற்றி முடித்த பிறகும்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், அந்தப் பாலைச் சந்தேகப்படவில்லை. எனக்காகத்தான் வாங்குகிறாள் என்று நினைத்துக் குடித்தேன்.

ஆனி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை, அச்சகம் லீவு.